தேசியக் கொடியின் வடிவத்தை எந்தச் சட்டம் வரையறுக்கிறது?

கேள்வி கேட்டவர் சிறிய அச்சகம் நடத்துகிறார். சுதந்திர தினத்துக்குத் துணிக்கொடி அச்சிடும் ஆர்டர் ஒன்று அவருக்கு வந்திருக்கிறது. ஸ்கிரீன் தயாரித்தவர் கவனக்குறைவாக இருந்ததால், அசோகச் சக்கரத்தில் 24 ஆரங்களுக்குப் பதிலாக 22 விழுந்துவிட்டன. வாங்க வந்தவர் எண்ணிப் பார்த்து, "இது சட்டப்படி குற்றம், உள்ளே தள்ளிவிடுவார்கள்" என்று மிரட்டிவிட்டுப் போயிருக்கிறார். பயந்துபோன அச்சக நண்பர் அரசியலமைப்புச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தார். கொடியின் வடிவத்தைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. "அப்படியானால் நம் கொடியின் வடிவமைப்பு எந்தச் சட்டத்தில் இருக்கிறது? ஆரம் குறைந்தால் குற்றமா?" என்று கேட்கிறார்.

இதில் இருப்பவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். கொடி எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கும் ஆவணம் எது என்பது ஒன்று. அதிலிருந்து விலகினால் என்ன ஆகும் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை சொல்லும் ஆவணங்கள் வேறு, இரண்டாவதற்கு விடை சொல்லும் சட்டங்கள் வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் அந்த வாடிக்கையாளரைப் போன்றவர்கள் இவ்வளவு உறுதியாக மிரட்ட முடிகிறது. நான் சென்னையில் வணிகச் சின்னப் பதிவு தொடர்பான வழக்குகளைப் பல ஆண்டுகளாக நடத்தும் வழக்கறிஞர். மூவண்ணத்தையும் சக்கரத்தையும் தங்கள் நிறுவனச் சின்னத்தில் சேர்க்க ஆசைப்படுபவர்கள் அடிக்கடி வருவதால் இந்த ஆவணங்களோடு எனக்குப் பழக்கம் உண்டு. குற்றவியல் விசாரணை என் அன்றாடத் தொழில் அல்ல. அந்தப் பகுதியை வாசிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உறுதியான செய்தி. கொடியின் வடிவமைப்புக்கு மூல ஆவணம், அரசியல் நிர்ணய சபை 1947 ஜூலை 22 அன்று நிறைவேற்றிய தீர்மானம். முன்மொழிந்தவர் நேரு. மேலே ஆழ்ந்த காவி, நடுவில் வெள்ளை, கீழே கரும்பச்சை, மூன்றும் சம அளவு. வெள்ளைப் பட்டையின் நடுவே ராட்டையைக் குறிக்கும் கருநீலச் சக்கரம். அந்தச் சக்கரம் சாரநாத் சிங்கத்தூணில் சிங்கங்கள் நிற்கும் பீடத்தில் உள்ள சக்கரத்தைப் போன்றது. அதன் விட்டம் ஏறத்தாழ வெள்ளைப் பட்டையின் அகலம். கொடியின் அகலமும் நீளமும் சாதாரணமாக 2:3 என்ற விகிதம். தீர்மானம் சொல்வது இவ்வளவுதான். உறுப்பினர்கள் எழுந்து நின்று அதை நிறைவேற்றினார்கள்.

அதில் இல்லாதவற்றையும் பார்க்க வேண்டும். 24 என்ற எண் அதில் இல்லை. சாரநாத் பீடத்துச் சக்கரத்தைப் பார்த்துக்கொள் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்தச் சக்கரத்தில் 24 ஆரங்கள் இருக்கின்றன, அவ்வளவே. கதர் என்ற சொல்லும் தீர்மானத்தில் இல்லை. ஆனால் நேரு அன்று சபையில் காட்டிய இரண்டு கொடிகளும் கதரால் ஆனவை, ஒன்று பட்டு, மற்றொன்று பருத்தி. நிறங்களுக்கு என்ன பொருள் என்பதும் தீர்மானத்தில் கிடையாது. காவி தியாகம், பச்சை மண்ணோடுள்ள உறவு என்று பள்ளியில் நாம் மனப்பாடம் செய்தவை பெரும்பாலும் ராதாகிருஷ்ணன் சபையில் ஆற்றிய உரையிலிருந்து வந்த விளக்கங்கள். "ஏறத்தாழ", "சாதாரணமாக" என்று இரண்டு இடங்களில் தீர்மானம் கையைத் தளர்த்தி விட்டிருக்கிறது. சட்டம் எழுதத் தெரியாததால் அல்ல. வரைவு செய்தவர்களில் தேர்ந்த வழக்கறிஞர்கள் இருந்தார்கள். நுணுக்கமான அளவுகளைப் பின்னால் வருபவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டார்கள் என்றே நான் வாசிக்கிறேன்.

ராட்டை எப்படிச் சக்கரமானது என்பதற்கு நேரு அன்று சொன்ன காரணம், அச்சுத் தொழிலில் இருப்பவருக்குப் பிடிக்கும். காங்கிரஸ் கொடியில் இருந்த முழு ராட்டைக்கு ஒரு பக்கம் சக்கரம், மறுபக்கம் நூல் சுற்றும் கதிர். கொடியின் பின்பக்கத்திலிருந்து பார்த்தால் அது தலைகீழ் வரிசையில் தெரியும். கொடியின் சின்னம் இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பதால் ராட்டையின் சக்கரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். தத்துவப் பொருள்கள் எத்தனை சொன்னாலும், இது வடிவமைப்பாளர் எடுக்கும் முடிவு. சக்கரம் இரு பக்கமும் முழுமையாகத் தெரிய வேண்டும் என்று இன்றைய விதி வற்புறுத்துவதும் இதே வழியில் வந்ததுதான்.

அரசியலமைப்புச் சட்டம் 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தபோது இந்தத் தீர்மானத்தை அது தன்னுள் சேர்த்துக்கொள்ளவில்லை. நண்பர் தேடியும் கிடைக்காதது அதனால்தான். பின்னர் 1976-இல் 42-ஆவது திருத்தத்தின் மூலம் வந்த 51ஏ பிரிவு, கொடியை மதிப்பது குடிமக்களின் கடமை என்கிறது. எந்தக் கொடி, எப்படிப்பட்டது என்று சொல்லவில்லை. பக்கத்து நாடுகளில் நிலைமை வேறு. இலங்கை அரசியலமைப்பின் 6-ஆவது உறுப்புரை, இரண்டாம் அட்டவணையில் காட்டப்பட்டுள்ள சிங்கக் கொடியே தேசியக் கொடி என்கிறது. நேபாளம் இன்னும் ஒரு படி மேலே போய், எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்குக் கோடு இழுக்க வேண்டும் என்று வடிவியல் பாடம்போல் தன் அரசியலமைப்பின் அட்டவணையிலேயே எழுதி வைத்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இந்தியாவிலும் ஒரு கொடிக்கு அரசியலமைப்பில் வருணனை இருந்தது. அது ஜம்மு காஷ்மீரின் மாநிலக் கொடி. அம்மாநிலத்தின் சொந்த அரசியலமைப்பில் 144-ஆவது பிரிவு, சிவப்பு நிறம், மூன்று வெள்ளைக் கோடுகள், நடுவே கலப்பை, 3:2 விகிதம் என்று விவரமாக எழுதியிருந்தது. 2019-இல் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது.

நாடாளுமன்றச் சட்டமாவது கொடியை வருணிக்கிறதா என்றால் அதுவும் இல்லை. நான்கு சிங்க முத்திரைக்கு 2005-இல் தனிச் சட்டம் வந்தது, அதன் அட்டவணையில் முத்திரையின் வடிவம் இருக்கிறது. புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் மேல் வைத்த சிங்கங்கள் அந்த அட்டவணைக்கு ஒத்துப்போகவில்லை என்று 2022-இல் உச்ச நீதிமன்றத்துக்கே ஒருவர் போனார், மனு தள்ளுபடியானது. முத்திரை விஷயத்தில் குறைந்தபட்சம் எடுத்துவைத்து ஒப்பிட ஒரு சட்டப் படம் இருக்கிறது, கொடிக்கு அப்படி ஒன்று இல்லை. இது விடுபட்டுப்போன வேலை என்பது என் கருத்து. அதனால் பெரிய தீங்கு எதுவும் வந்துவிடவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் 24 எங்கிருந்து வருகிறது? 2002 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள இந்தியக் கொடி விதித்தொகுப்பிலிருந்து வருகிறது. இதைத்தான் செய்தித்தாள்கள் கொடிச் சட்டம் என்று எழுதுகின்றன. உண்மையில் அது மத்திய அரசின் நிர்வாக அறிவுறுத்தல், சட்டம் அல்ல. அதன் முதல் பகுதி, சம இடைவெளியில் 24 ஆரங்கள் உள்ள கருநீல அசோகச் சக்கரம் என்றும், நீளமும் உயரமும் 3:2 என்றும் சொல்கிறது. 1947-இன் "சாதாரணமாக" இங்கே மறைந்து கண்டிப்பான விகிதமாகிவிட்டது. கையால் நூற்றுக் கையால் நெய்த கதராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இந்தத் தொகுப்பில்தான் இருந்தது. 2021 டிசம்பர் 30 அன்று ஓர் உத்தரவால் அதைத் திருத்தி, இயந்திரத்தில் தயாரித்த துணிக்கும் பாலியெஸ்டருக்கும் இடம் கொடுத்தார்கள். நாடாளுமன்றத்துக்குப் போகாமலேயே இதைச் செய்ய முடிந்தது என்பதே அந்தத் தொகுப்பு எத்தகையது என்று காட்டிவிடுகிறது. அந்தத் திருத்தத்தை ஒட்டி, தரச்சான்று பெற்ற கதர்க் கொடிகளை நெய்துவந்த ஹூப்ளி பெங்கேரி கதர்க் கூடத்தினர் போராடினார்கள். நீதிமன்றத்தில் அவர்கள் காட்டுவதற்கு 1947 தீர்மானத்தில் கதர் என்ற சொல் இல்லாமல் போனது வருத்தத்துக்குரியது.

விதித்தொகுப்பு சட்டமா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றமே விடை சொல்லியிருக்கிறது. தொழிலதிபர் நவீன் ஜிண்டால் தன் தொழிற்சாலையில் தினமும் கொடியேற்றியதை அதிகாரிகள் தடுத்ததால் எழுந்த வழக்கு அது. 2004 ஜனவரி 23 அன்று வந்த தீர்ப்பு, மரியாதையோடு கொடியேற்றுவது அரசியலமைப்பின் 19(1)(ஏ) பிரிவின்கீழ் வரும் கருத்துரிமையின் பகுதி என்றது. விதித்தொகுப்பு 13-ஆவது பிரிவு சொல்லும் பொருளில் சட்டம் ஆகாது, ஆனாலும் கொடியின் மாண்பைக் காக்கும் அளவில் அது பின்பற்றத்தக்கது என்றும் சொன்னது. ஆகவே, விதித்தொகுப்பை மீறியது என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் சிறைக்கு அனுப்ப முடியாது. சிறை வேண்டுமென்றால் வேறொரு சட்டம் துணைக்கு வர வேண்டும்.

அச்சிடுபவருக்கு உண்மையில் பயன்படும் ஆவணம் வேறு. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 1 என்ற தரக்குறிப்பு அது. சுதந்திர இந்தியா எழுதிய தரக்குறிப்புகளின் வரிசையில் முதல் எண் கொடிக்குத்தான் போனது. 1951-இல் வந்தது, மெட்ரிக் முறைக்காக 1964-இல் மாற்றப்பட்டது, 1968-இல் மீண்டும் திருத்தப்பட்டது. துணியின் நூல், சாயம் வெளுக்காமை, தையல், கயிறு என்று எல்லாவற்றுக்கும் அதில் அளவு உண்டு. நிறத்தை "காவி" என்று பெயரால் சொல்லி விட்டுவிடாமல், ஒளியியல் ஆயத்தொலைவுகளால் எண்ணிட்டுச் சொல்கிறது. இணையத்தில் எல்லோரும் எடுத்துப் போடும் ஆறு எழுத்து வண்ணக் குறியீடுகள் கணினித் திரைக்கான தோராயங்களே. அவற்றைத் துணிக்குச் சாயம் கலக்கும்போது நம்ப வேண்டாம்.

கொடிக்கு ஒன்பது அளவுகள் உண்டு. மிகப் பெரியது 6300-க்கு 4200 மில்லிமீட்டர், மிகச் சிறியது மேசையில் வைக்கும் 150-க்கு 100. ஒவ்வோர் அளவுக்கும் சக்கரத்தின் விட்டம் தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. 1800-க்கு 1200 கொடியில் வெள்ளைப் பட்டை 400, சக்கரம் 370. 900-க்கு 600 கொடியில் பட்டை 200, சக்கரம் 185. காரில் கட்டும் 225-க்கு 150 கொடியில் பட்டை 50, சக்கரம் 40. மேசைக் கொடியில் பட்டை 33 சொச்சம், சக்கரம் வெறும் 25. பெரிய கொடிகளில் ஏறத்தாழ ஒரே விகிதம்தான், மிகச் சிறிய கொடிகளில் பட்டையோடு ஒப்பிட்டால் சக்கரம் சுருங்குகிறது. ஆகவே மேசைக் கொடியின் படத்தை எடுத்து ஆறு மடங்கு பெரிதாக்கி 900-க்கு 600 கொடி அச்சிட்டால் சக்கரம் 150 மில்லிமீட்டர்தான் வரும். இருக்க வேண்டியதோ 185. தெருவில் பார்க்கும் கொடிகள் பலவற்றில் சக்கரம் சோனியாகத் தெரிவதற்கு இப்படி ஒரே படத்தை இழுத்து வைப்பது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆரத்தைச் சரிபார்க்கவும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 24 நான்கால் வகுபடும் எண் என்பதால், மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கு திசைகளிலும் ஓர் ஆரம் நேராக நிற்கும். 22-இல் மேலும் கீழும் நின்றால் இடமும் வலமும் நிற்காது. ஸ்கிரீனை வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும்.

ஐ.எஸ். 1-க்கு எவ்வளவு கட்டாயம்? அரசு நிகழ்ச்சிகளில் தர அமைவனத்தின் முத்திரை உள்ள கொடியையே பயன்படுத்த வேண்டும் என்கிறது விதித்தொகுப்பு. மற்ற நேரங்களில் அப்படிப்பட்ட கொடியாக இருப்பது விரும்பத்தக்கது என்று மட்டுமே சொல்கிறது. உரிமம் இல்லாமல் ஐ.எஸ்.ஐ. முத்திரையை அச்சிடுவது 2016-ஆம் ஆண்டின் தர அமைவனச் சட்டத்தின்கீழ் குற்றம், அது ஆரக்கணக்குக்குத் தொடர்பில்லாத வேறு விவகாரம்.

இனி தண்டனைச் சட்டங்கள். இரண்டு இருக்கின்றன. 1950-ஆம் ஆண்டின் சின்னங்கள், பெயர்கள் முறைகேட்டுத் தடுப்புச் சட்டம், மத்திய அரசின் அனுமதி இல்லாமல் கொடியை வணிகச் சின்னமாகவோ வியாபாரத்துக்கோ பயன்படுத்தக் கூடாது என்கிறது. என்னிடம் வரும் கட்சிக்காரர்களைத் திருப்பி அனுப்புவது இதை வைத்துத்தான். கொடியைக் கொடியாக விற்பதை யாரும் இதன்கீழ் வழக்காகப் போட்டு நான் பார்த்ததில்லை. அடுத்தது 1971-ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம். பொது இடத்திலோ பொதுமக்கள் பார்வையில் படும் இடத்திலோ கொடியை எரிப்பது, சிதைப்பது, மிதிப்பது, உருக்குலைப்பது போன்றவற்றுக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். இந்தச் சட்டமும் கொடியை வருணிக்கவில்லை. எந்தப் பொருளில் செய்யப்பட்டாலும், படமோ ஓவியமோ புகைப்படமோ, கண்ணுக்குத் தெரியும் எந்த உருவமும், அதன் பகுதியும்கூட, கொடிதான் என்று அகலமாக வலை விரிக்கிறது. அதனால் 22 ஆரக் கொடியும் இந்தச் சட்டத்தின் கண்ணில் கொடிதான். அதை மிதித்தவர், ஆரம் இரண்டு குறைவு என்று சொல்லித் தப்ப முடியாது.

ஆனால் மிதிப்பது வேறு, தவறாக அச்சிடுவது வேறு. சட்டம் பட்டியலிடும் செயல்களில், அளவு தவறிய கொடியைத் தயாரிப்பது இல்லை. கவனக்குறைவால் ஆரம் குறைந்ததை உருக்குலைத்தல் என்று இழுப்பதற்கு நோக்கம் என்ற தடை குறுக்கே நிற்கும். கோயம்புத்தூரில் 2013 கிறிஸ்துமஸ் விழாவில், மூவண்ணமும் சக்கரமும் பதித்த ஆறடிக்கு ஐந்தடி கேக்கை வெட்டியதாக ஒரு புகார் எழுந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 மார்ச்சில் அந்த நடவடிக்கையை ரத்து செய்தார். அங்கிருந்தவர்கள் யாருக்கும் அவமதிக்கும் எண்ணம் இல்லை என்பதே அடிப்படை. கொடி உருவத்தைக் கத்தியால் வெட்டியதே குற்றமாகவில்லை என்றால், உங்கள் இரண்டு ஆரங்களுக்காகப் பயப்பட வேண்டாம் என்பது என் மதிப்பீடு. ஆரக் குறைவை நேரடியாகத் தீர்மானித்த உயர் நீதிமன்றத் தீர்ப்பு எதையும் முன்வைத்து இதைச் சொல்லவில்லை, சட்டத்தின் சொற்களிலிருந்து நான் வந்தடையும் முடிவு இது. வாடிக்கையாளர் சரக்கைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்டால் கொடுத்துவிடுங்கள், அது அவருடைய நியாயமான உரிமை.

நீங்கள் பயப்பட வேண்டிய இடம் வேறு. நன்கொடையாளர் பெயர், கடையின் பெயர், கட்சித் தலைவரின் வாழ்த்து என்று வெள்ளைப் பட்டையிலோ ஓரத்திலோ எதையாவது அச்சிடச் சொல்வார்கள். கொடியின்மேல் எந்த எழுத்தையும் பொறிப்பது அவமதிப்பு என்று 1971 சட்டத்தின் விளக்கமே வெளிப்படையாகச் சொல்கிறது. ஆரம் விஷயத்தில் இருக்கும் தப்பும் வழி இங்கே இல்லை. கைக்குட்டை, மெத்தை உறை, உள்ளாடை போன்றவற்றில் கொடியை அச்சிடுவதும் இப்படியே. டி-ஷர்ட்தான் சங்கடம். 2005 திருத்தத்துக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே கொடியை அணிவதுதான் தடை என்று பலரும் சொல்கிறார்கள். அதே வாக்கியம் எந்த உடைத்துணியிலும் அச்சிடக் கூடாது என்றும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்து வாசித்தால், மேலாடையில் அணியலாம் ஆனால் அச்சிடக் கூடாது என்ற விநோதமான நிலை வருகிறது. மூன்று நிறங்களை மட்டும், சக்கரம் இல்லாமல், கொடி வடிவில் அல்லாமல் போடுங்கள் என்று என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். அதுவும் எச்சரிக்கைதான், தீர்ந்த சட்டம் அல்ல.

இன்னொரு நண்பர் இதே கேள்வியின்கீழ், கொடியின் வடிவத்தை மாற்ற வேண்டுமானால் யார் மாற்ற முடியும் என்று கேட்டிருந்தார். இங்கே நிலம் உறுதியானதல்ல. கடற்படைக் கொடி 2022 செப்டம்பர் 2 அன்று கொச்சியில் மாறியது, நாடாளுமன்றச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. தேசியக் கொடியை அப்படி நிர்வாக உத்தரவால் மாற்றலாமா? அரசியல் நிர்ணய சபையின் தீர்மானத்தை, பழைய சட்டங்களைத் தொடரச் செய்யும் அரசியலமைப்பின் 372-ஆவது பிரிவு காப்பாற்றிய சட்டம் என்று கொள்வதா, உயர்ந்த மதிப்புள்ள அறிவிப்பு என்று கொள்வதா என்பதைப் பொறுத்தது அது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றித்தான் மாற்ற வேண்டும் என்பது என் கருத்து, வேறு கருத்துடைய வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள். கொடியை மாற்ற வேண்டும் என்று சட்ட வழியில் வாதிடுவது மட்டும் குற்றமில்லை, 1971 சட்டமே அதற்கு விளக்கம் எழுதிக் காப்பு கொடுத்திருக்கிறது.

கடைசியாக, அச்சாகிவிட்ட அந்தக் கொடிகளை என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். துடைக்கும் துணியாகவோ மூட்டை கட்டவோ பயன்படுத்திவிடாதீர்கள், பொருள் சுமக்கும் பையாக்குவதும் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. குப்பையிலும் போட வேண்டாம். பயன்படாத கொடியைத் தனிமையில், முழுமையாக, எரித்தோ மரியாதைக்குரிய வேறு முறையிலோ அழிக்கச் சொல்கிறது விதித்தொகுப்பு. பொதுமக்கள் பார்வையில் எரிப்பதோ, மேலே சொன்னபடி, மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். ஆகவே அச்சகத்தின் பின்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு செய்யுங்கள். அதற்கு முன், அந்த ஸ்கிரீனைக் கழுவிவிடுங்கள். அடுத்த ஆகஸ்டில் வேலைக்கு வரும் பையன் அதையே எடுத்து மறுபடி அச்சிட்டுவிடுவான்.